செவ்வாய்க்கிழமைப் பதிவேடு

கொரோனா காலத்தைப் பற்றி என்னிடம் கேட்கிறவர்கள் பெரும்பாலும் ஆஸ்பத்திரியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். படுக்கை கிடைத்ததா, வென்டிலேட்டர் இருந்ததா, ஆக்சிஜனுக்கு என்ன செய்தீர்கள் என்று. நான் ஆஸ்பத்திரி ஆள் இல்லை. பொது சுகாதாரத் துறையில் சுகாதார ஆய்வாளராகச் சேர்ந்து, கடலூர் மாவட்டத்தில் வட்டார சுகாதார மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றவன். ஒருவருக்குக் காய்ச்சல் கண்டு, அவர் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்ச் சேருவதற்கு முன்னால் ஊருக்குள் நடக்கிற வேலைதான் எங்கள் வேலை. கொள்ளைநோய் வந்த வருஷத்தில் நாடு எப்படித் தாக்குப்பிடித்தது என்ற கணக்கில் இந்த வேலையை யாரும் எழுதவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் அரசு மருத்துவம் முக்கியமாக மூன்று இயக்குநர்களின் கீழ் இருக்கிறது. மருத்துவக் கல்லூரிகளும் அவற்றின் ஆஸ்பத்திரிகளும் ஒருவரிடம். மாவட்ட, தாலுகா ஆஸ்பத்திரிகள் இன்னொருவரிடம். ஆரம்ப சுகாதார நிலையங்களும் நோய்த்தடுப்பும் பொது சுகாதார இயக்குநரிடம். இந்தத் தனிப் பிரிவுக்கு 2022ல் நூற்றாண்டு கொண்டாடினார்கள். தடுப்புக்கென்று தனி இயக்குநர், தனி ஆட்கள், தனி நிதி என்று அன்றைக்கே ஒதுக்கி வைத்தது பெரிய காரியம் என்பது என் எண்ணம். சிகிச்சையும் தடுப்பும் ஒரே அதிகாரியின் மேசைக்கு வந்தால் சிகிச்சைதான் ஜெயிக்கும். கண்ணெதிரே மூச்சுத் திணறுகிறவரை விட்டுவிட்டு யாரும் குடிநீர்த் தொட்டியைப் பார்க்கப் போக மாட்டார்கள். இதோடு 1939ஆம் வருஷத்துப் பொது சுகாதாரச் சட்டமும் எங்கள் கையில் இருந்தது. தொற்றுநோயை அறிவிக்க, வீட்டைச் சோதிக்க, நோயாளியைத் தனியே வைக்க அதில் அதிகாரம் உண்டு. பல மாநிலங்களில் 1897ஆம் வருஷத்துக் கொள்ளைநோய்ச் சட்டத்தைத்தான் தூசிதட்டி எடுக்க வேண்டியிருந்தது.

அன்றாட வேலை என்ன என்று சொன்னால்தான் மற்றது புரியும். சுமார் ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், அதற்கு ஒரு கிராம சுகாதார செவிலியர். ஊரில் நர்சம்மா என்பார்கள், நாங்கள் சிஸ்டர் என்போம். முப்பதாயிரம் பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம். செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள், புதன்கிழமை குழந்தைகளுக்குத் தடுப்பூசி. வருஷம் முழுக்க, மழையோ வெயிலோ, இந்தக் கிழமை மாறாது. எங்களைப் போன்ற ஆய்வாளர்கள் மேல்நிலைத் தொட்டியில் குளோரின் போட்டார்களா என்று பார்ப்போம். தொட்டிக்குப் பக்கத்துக் குழாயில் பார்த்தால் போதாது, தெருக்கோடியில் கடைசிக் குழாயில் தண்ணீர் பிடித்து, ஓ.டி. என்கிற ஆர்த்தோடாலிடின் சொட்டு விட்டு, மஞ்சள் நிறம் வருகிறதா, 0.2 பி.பி.எம். நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம் வாராவாரம் படிவம். 2004ல் மத்திய அரசு ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தைக் கொண்டுவந்த பிறகு எஸ், பி, எல் என்று மூன்று படிவங்கள் வந்தன. களப்பணியாளர் அறிகுறியை வைத்து எழுதுவது எஸ். மருத்துவர் இன்ன நோயாக இருக்கலாம் என்று எழுதுவது பி. பரிசோதனைக்கூடம் உறுதிசெய்து எழுதுவது எல். இந்த வாரம் காய்ச்சல் இத்தனை, இருமலோடு காய்ச்சல் இத்தனை, வயிற்றுப்போக்கு இத்தனை என்று சிஸ்டர் எழுதிக் கொடுப்பார். சலிப்பான வேலைதான். ஆனால் ஒரு ஊரில் சாதாரணமாக வாரத்துக்கு எத்தனை காய்ச்சல் என்பது தெரியாதவனுக்கு, அசாதாரணமாக ஏறும்போதும் தெரியாது.

எனக்கு இந்த வேலையின் மீது மரியாதை வந்தது 2004 டிசம்பர் 26க்குப் பிறகு. சுனாமியில் தேவனாம்பட்டினம் முதலான கடலூர்க் கடற்கரைக் குப்பங்கள் அழிந்து, சனங்கள் பள்ளிக்கூடங்களிலும் கல்யாண மண்டபங்களிலும் குவிந்திருந்தார்கள். பிணங்கள், உப்பு ஏறிய கிணறு, கழிப்பறை இல்லாத முகாம். காலராவுக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. மற்ற மாவட்டங்களிலிருந்து ஆய்வாளர்களும் மருத்துவர்களும் வாகனத்தோடும் பிளீச்சிங் பவுடரோடும் வந்து இறங்கினார்கள். வந்தவர்களுக்கு யாரும் வேலை சொல்லித்தரவில்லை. காந்திகிராமத்தில் படித்தவனும் பூந்தமல்லியில் படித்தவனும் ஒரே படிவத்தை நிரப்பிப் பழகியவர்கள். ஆளுக்கொரு முகாமை எடுத்துக்கொண்டார்கள். குழந்தைகளுக்குத் தட்டம்மை ஊசி, தண்ணீருக்குக் குளோரின், தினம் காய்ச்சல் கணக்கு. எதிர்பார்த்த கொள்ளைநோய் வரவில்லை. வராத நோயைப் பத்திரிகையில் போட மாட்டார்கள், அதனால் அது பலருக்குத் தெரியாது.

2009ல் பன்றிக்காய்ச்சல் வந்தது. ஜூன் மாதம் உலக சுகாதார நிறுவனம் அதைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. வெளிநாட்டிலிருந்து வந்தவர் பட்டியலை வைத்துக்கொண்டு வீடு தேடிப் போனது, தொடர்பில் இருந்தவர்களைத் தினமும் விசாரித்தது, தொண்டைச் சளியை எடுத்துக் கிண்டி கிங் ஆய்வகத்துக்கு ஐஸ் பெட்டியில் அனுப்பியது எல்லாம் அப்போதே பழகிவிட்டது. நோயாளிகளை ஏ, பி, சி என்று மூன்று வகையாகப் பிரிக்கச் சொன்னார்கள். லேசான காய்ச்சலுக்குப் பரிசோதனையும் வேண்டாம், ஆஸ்பத்திரியும் வேண்டாம், வீட்டில் இருக்கட்டும். நடுத்தரத்துக்கு மாத்திரை. மூச்சு வாங்கினால் மட்டும் படுக்கை. எல்லாரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் உண்மையில் தேவைப்படுகிறவருக்கு இடம் இருக்காது என்ற கணக்கு அது. 2010 ஆகஸ்டில் பெருந்தொற்று முடிந்தது என்றார்கள், கோப்பைக் கட்டி வைத்தோம். பத்து வருஷம் கழித்து கொரோனாவின் முதல் மாதங்களில், தொற்று உறுதியான எல்லாரையும், இருமல்கூட இல்லாதவரையும், வார்டில் கொண்டுபோய்ச் சேர்த்தோம். புது நோய், பயம், நியாயம்தான். ஆனால் ஏ, பி, சி படித்த ஆட்கள் பாதிப் பேர் அதற்குள் ஓய்வு பெற்றுப் போயிருந்தார்கள் என்பதும் ஒரு காரணம். ஒரு துறையின் ஞாபகம் ஆட்களிடம்தான் இருக்கிறது.

2020 ஜனவரி 30 அன்று கேரளத்தில் இந்தியாவின் முதல் நோயாளி உறுதியானார். மார்ச் 7 அன்று தமிழ்நாட்டில் முதல் ஆள், ஓமானிலிருந்து வந்த காஞ்சிபுரத்துக்காரர். இடைப்பட்ட நாட்களில் விமான நிலையத்திலிருந்து பயணிகள் பட்டியல் வர ஆரம்பித்தது. டி.டி., அதாவது துணை இயக்குநர், அலுவலகத்திலிருந்து வட்டாரத்துக்கு வாட்ஸ்அப்பில் வரும். பாஸ்போர்ட்டில் இருக்கிற விலாசம் பத்து வருஷம் பழையது. தகப்பனார் பெயரும் ஊர்ப்பெயரும் மட்டும் இருக்கும், ஊர்ப்பெயரும் ஆங்கில எழுத்தில் சிதைந்திருக்கும். தலையாரியையும் அங்கன்வாடி டீச்சரையும் கேட்டால் ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிடுவார்கள்: "சிங்கப்பூர்லேருந்து வந்தானே, கொத்தனார் மவன், அவன் மாமனார் வீட்ல இருக்கான்." ஆளைத் தேடி, வாசலில் ஸ்டிக்கர் ஒட்டி, 28 நாள் தினம் போய்ப் பார்த்தோம்.

அதன் பிறகு கோயம்பேடு.

சென்னை கோயம்பேடு மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்களில் கடலூர், விழுப்புரம், அரியலூர் மாவட்டத்து ஆட்கள் நிறைய. ஏப்ரல் கடைசியில் அங்கே தொற்று பரவுகிறது என்ற செய்தி வந்ததும் கிடைத்த வண்டியில் ஏறி ஊருக்குத் திரும்பினார்கள். காய்கறி இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் லாரி, மோட்டார் சைக்கிள், சிலர் நடை. ஊரடங்கு இருந்தாலும் காய்கறி லாரியை யாரும் நிறுத்துவதில்லை. மே 4 அன்று கடலூர் மாவட்டத்தில் ஒரே நாளில் நூறு பேருக்கு மேல் தொற்று உறுதியானது. மறுநாள் மார்க்கெட்டை மூடினார்கள். எங்கள் வட்டாரத்தில் அரசுப் பள்ளிக்கூடங்களைத் திறந்து, வந்தவர்களையெல்லாம் வகுப்பறைகளில் தங்கவைத்தோம். ஊர் எல்லையில் இளைஞர்கள் சவுக்குக் கம்பு கட்டி வழியை மறித்துவிட்டார்கள். தங்கள் ஊர்ப் பிள்ளைகளையே உள்ளே விட மாட்டோம் என்றார்கள். அவர்களிடம் பேசிப் புரியவைத்ததுதான் அந்த மாதத்தில் நான் செய்த கடினமான வேலை.

தொடர்பில் இருந்தவர்களைக் கண்டுபிடிப்பது எப்படி என்று ஒரு இரவைச் சொல்கிறேன். பள்ளிக்கூடத்து எட்டாம் வகுப்பு அறை. பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளியிருந்தார்கள். தொற்று உறுதியான பையனுக்கு இருபத்தைந்து வயசு இருக்கும். 108 வண்டி வரக் கொஞ்ச நேரம் இருந்தது. அதற்குள் பட்டியல் வேண்டும். நான் வாசலில் நாற்காலி போட்டு எட்ட உட்கார்ந்தேன்.

"லாரியில யார் யாரு வந்தீங்க தம்பி?"

"தெரியல சார். இருட்டு. எல்லாம் மார்க்கெட் ஆளுங்க."

யாரோடு இருந்தாய் என்று கேட்டால் யாருக்கும் பதில் வராது. பயத்தில் மனசு வெறுமையாகிவிடும். என்ன செய்தாய் என்று கேட்க வேண்டும்.

"ஏறும்போது மணி எத்தனை?"

"ராத்திரி பத்து இருக்கும்."

"படுதாவை இழுத்துக் கட்டினது யாரு?"

"நானும் மொட்டையும் சார்."

"மொட்டை எந்த ஊரு?"

"பண்ருட்டி பக்கம். அவன் அக்காவ எங்க ஊர்லதான் குடுத்திருக்கு."

"வழியில டீ கீ குடிச்சீங்களா?"

"கடை ஏது சார்? திண்டிவனம் தாண்டி ஒருத்தர் கேன்ல வித்தாரு. டிரைவரண்ணன்தான் காசு குடுத்தாரு. என் பக்கத்துல குந்தியிருந்தவருக்கு சளி, அவரு மட்டும் வேணான்னுட்டாரு."

இப்படிப் படுதாவிலிருந்தும் டீயிலிருந்தும் லாரியில் வந்தவர்கள் பாதிப் பேர் வெளியே வந்துவிட்டார்கள். ஊருக்கு வந்த பிறகு எங்கே போனாய் என்றதும் பையன் வாயை மூடிக்கொண்டான். எங்கேயும் போகவில்லை, நேராக இங்கே வந்துவிட்டேன் என்று சாதித்தான். அப்போது எனக்குப் பின்னால் நின்ற சிஸ்டர் முன்னால் வந்தார்.

"ஏம்ப்பா, உன் பொண்டாட்டிக்கு எட்டாம் மாசம். அம்மா வீட்ல இருக்கா. பாக்காம வந்திருக்க மாட்டியே?"

பையன் தலையைக் குனிந்துகொண்டான். "வாசல்லயே நின்னு பாத்துட்டு வந்துட்டேன் சிஸ்டர்."

"வாசல்லயா?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "சாப்புட்டேன்" என்றான்.

மறுநாள் காலை அந்தப் பெண்ணுக்கும் அவள் அம்மாவுக்கும் சளி எடுத்தோம். இரண்டு பேருக்கும் தொற்று இருந்தது. கர்ப்பிணிகளைப் பதியும் பிக்மி பதிவில் அவளுடைய பிரசவத் தேதி, ரத்த வகை, முதல் பிரசவம் என்ற குறிப்பு, போன் நம்பர் எல்லாம் இருந்ததால், தனி வார்டு உள்ள ஆஸ்பத்திரியில் அன்றைக்கே சொல்லி வைத்து, வலி எடுக்கும் முன்பே கொண்டுபோய்ச் சேர்க்க முடிந்தது. தாயும் பிள்ளையும் நலமாக வீடு திரும்பினார்கள். சிஸ்டருக்கு அந்த வீடு தெரிந்தது கொரோனாவால் இல்லை. மாதாமாதம் செவ்வாய்க்கிழமை அந்தப் பெண்ணின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, வராத செவ்வாய்க்கு வீட்டுக்கே போய்க் கேட்டதால் தெரிந்தது. இந்த நாட்டின் பெருந்தொற்றுத் தயாரிப்பு எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால் நான் அந்தப் பதிவேட்டைக் காட்டுவேன்.

வீடு வீடாகப் போய்க் காய்ச்சல் கணக்கெடுத்தவர்களும் புதிதாக முளைத்தவர்கள் இல்லை. டெங்குவுக்காகத் தண்ணீர்த் தொட்டியிலும் தேங்காய்ச் சிரட்டையிலும் கொசுப்புழு தேடிய மஸ்தூர்கள்தான் அவர்கள். தினக்கூலிக்காரர்கள். எந்த வீட்டில் நாய் கடிக்கும், எந்த வீட்டில் பகலில் ஆள் இருக்காது என்பதுவரை அவர்களுக்குத் தெரியும். முகக்கவசத்துக்கும் மருந்துக்கும் தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகத்தின் மாவட்டக் கிடங்கு இருந்தது. ஒவ்வொரு நிலையத்துக்கும் பாஸ்புக் போட்டு, இந்த வருஷம் இத்தனை ரூபாய்க்கு மருந்து எடுக்கலாம் என்று 1990களின் நடுவிலிருந்து நடக்கிற ஏற்பாடு. முதல் சில வாரங்கள் என்-95 கிடைக்காமல் திண்டாடினோம், அதன் பிறகு அந்தக் கிடங்கு வழியாகவே வந்து சேர்ந்தது.

சுடுகாட்டுச் சங்கதி ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. 2020 ஏப்ரலில் சென்னையில் கொரோனாவில் இறந்த ஒரு மருத்துவரின் உடலை அடக்கம் செய்ய விடாமல் கல்லெறிந்தார்கள். அரசு உடனே பொது சுகாதாரச் சட்டத்தைத் திருத்தி, அடக்கத்தைத் தடுத்தால் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை என்று அவசரச் சட்டம் கொண்டுவந்தது. சட்டம் வேண்டியதுதான். எங்கள் வட்டாரத்தில் அதைக் காட்டி மிரட்ட வேண்டிய தேவை வரவில்லை. ஊர்ப் பெரியவர்கள் இருவரைச் சுடுகாட்டுக்குக் கூட்டிப்போய், ஹைப்போகுளோரைட் கரைசல் எப்படித் தெளிக்கிறோம், பை எப்படி மூடியிருக்கிறது, குழி எவ்வளவு ஆழம் என்று காட்டினேன். தண்ணீர்த் தொட்டியில் குளோரின் பார்க்க வருகிற ஆள் சொல்கிறான் என்று நம்பினார்கள்.

2021 ஏப்ரல், மே மாதங்கள் வேறு மாதிரி. மே மூன்றாம் வாரத்தில் தமிழ்நாட்டில் ஒரு நாளைக்கு 36 ஆயிரம் பேர் என்று போனது. ஆக்சிஜனைப் பற்றித்தான் நாடே பேசியது. மேற்கு வங்கத்திலிருந்து ரயிலில் திரவ ஆக்சிஜன் வந்தது, ஸ்ரீபெரும்புதூர் ஆலை இரவு பகலாக ஓடியது. அதெல்லாம் வேண்டியது. ஆனால் ஆக்சிஜன் கணக்கு ஊருக்குள்ளேயே தொடங்குகிறது என்பதை யாரும் சொல்லவில்லை. ஒரு பெரிய சிலிண்டரில், டி டைப் என்போம், சுமார் 7,000 லிட்டர் வாயு இருக்கும். ஆக்சிஜன் அளவு 93க்கு வந்ததுமே ஆஸ்பத்திரிக்கு வந்தவருக்கு நிமிஷத்துக்கு ஐந்து லிட்டர் போதும் என்று வையுங்கள். ஒரு சிலிண்டர் ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க வரும். அவரே வீட்டிலேயே கிடந்து, 80க்குக் கீழே இறங்கி, உதடு நீலம் பாய்ந்த பிறகு வந்தால் பதினைந்து லிட்டர் வேண்டும். அதே சிலிண்டர் எட்டு மணி நேரம் தாங்காது. மூக்கு வழியாக அதிவேகமாகச் செலுத்துகிற கருவியில் நிமிஷத்துக்கு அறுபது லிட்டர் வைத்தால் இரண்டு மணி நேரத்தில் காலி. தாமதமாக வருகிற ஒருவர், நேரத்தோடு வந்திருக்கக்கூடிய பல பேரின் காற்றைச் சுவாசிக்க வேண்டியிருக்கிறது.

அதனால் அந்த மே மாதத்தில் எங்கள் கையில் இருந்த பெரிய ஆயுதம் விரலில் மாட்டுகிற பல்ஸ் ஆக்சிமீட்டர். வீட்டுத் தனிமையில் இருப்பவர்களை மஸ்தூர்கள் காலையும் மாலையும் போய்ப் பார்த்தார்கள். உட்கார்ந்திருக்கும்போது 96 காட்டும். ஆறு நிமிஷம் நடக்கவிட்டுப் பார்த்தால் 92க்கு இறங்கும். இறங்கினால் அங்கேயே 108க்குப் போன். நடக்கவைத்துப் பார்க்கிற இந்தச் சின்னக் காரியம் ஏன் எல்லா ஊரிலும் செய்யப்படவில்லை என்றால், நடந்து பார்க்கச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். காலியிடம் உள்ள துணை நிலையங்களின் ஊர்களிலிருந்துதான் உதடு நீலமானவர்கள் அதிகம் வந்தார்கள். இதற்கு என்னிடம் ஆய்வு அறிக்கை கிடையாது. பட்டியலை நானே தயாரித்ததால் எனக்குத் தெரியும்.

எங்களிடம் இல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும். கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் பெயர் பெயராகத் தெரியும். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ள பெரியவர்கள் யார் யார் என்று தெரியாது. கொரோனா கொன்றது அவர்களைத்தான். தடை செய்யப்பட்ட தெருக்களில் அறுபது வயசுக்கு மேற்பட்ட சர்க்கரை நோயாளிகளைப் பட்டியல் போடச் சொன்னபோது, வெறுங்கையோடு தொடங்கினோம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியபோது, வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோகும் திட்டம் என்றுதான் எல்லாரும் பேசினார்கள். எனக்கு அது இல்லாத பதிவேடு உருவாகும் வழியாகத் தெரிந்தது. தனியார் பக்கமும் ஓட்டை இருந்தது. ஒரு தனியார் பரிசோதனைக்கூடம் மாதிரி எடுத்தவர்களின் விலாசத்தை எழுதாமல் "கடலூர்" என்று மட்டும் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தது. தொற்று உள்ளவரின் போன் அணைந்திருந்தால் ஒரு முழு மாவட்டத்தில் ஆளைத் தேட வேண்டும். 1939 சட்டத்தில் மருத்துவர் தொற்றுநோயைத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று இருக்கிறது. அதை அமைதியான வருஷங்களில் நடைமுறைப்படுத்தியிருந்தால் நெருக்கடியில் கெஞ்ச வேண்டியிருக்காது.

தடுப்பூசிக்கு வருகிறேன். 2021 ஜனவரி 16 அன்று தொடங்கியபோது எங்களுக்கு அதில் புதிதாகக் கற்க அதிகம் இல்லை. கோவிஷீல்டும் கோவாக்சினும் இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் வைத்தால் போதும். குழந்தைகளுக்கான ஊசிகள் பல காலமாக அந்தக் குளிரில்தான் இருக்கின்றன. பெரியமேடு மத்திய மருந்துக் கிடங்கு, மாநிலக் கிடங்கு, மண்டலம், மாவட்டம், ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஐ.எல்.ஆர். என்ற குளிர்பதனப் பெட்டி, சிஸ்டரின் தோளில் தொங்கும் வேக்சின் கேரியர் என்று பாதை ஏற்கெனவே போட்டிருந்தது. ஐ.எல்.ஆர். மூடிக்குள் தெர்மாமீட்டர் இருக்கும். ஞாயிறு, தீபாவளி என்று பாராமல் காலையும் மாலையும் அதைப் பார்த்து எழுதுகிற பழக்கம் ஒரு நாடு திடீரென்று காசு கொடுத்து வாங்கக்கூடியது இல்லை.

ஆனால் சனங்கள் வரவில்லை. ஒரு குப்பியில் பத்துப் பேருக்கு மருந்து. திறந்தால் நாலு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். நாலு பேர் வந்து உட்கார்ந்திருப்பார்கள், திறக்காமல் அனுப்பினால் மறுபடி வர மாட்டார்கள், திறந்தால் ஆறு பேருக்கான மருந்து குப்பைக்குப் போகும். 2021 ஏப்ரலில் தடுப்பூசியை அதிகம் வீணாக்கிய மாநிலம் தமிழ்நாடுதான், 12 சதவீதம் என்று செய்தி வந்தது. அதே ஏப்ரல் 15ஆம் தேதி நடிகர் விவேக் சனங்களை ஊக்கப்படுத்துவதற்காக முன்வந்து ஊசி போட்டுக்கொண்டார். 17ஆம் தேதி மாரடைப்பில் காலமானார். அதற்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று விசாரணைக் குழு பிற்பாடு சொன்னது. அந்த வாரத்தில் அதை யார் கேட்பார்கள்? நல்லது செய்ய வந்த ஒரு மனிதரின் மரணத்தை வைத்து வாட்ஸ்அப்பில் வதந்தி பரப்பினார்கள். எங்கள் முகாம்களில் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன.

அந்தச் சமயத்தில் பேச்சாளர்களும் போஸ்டர்களும் செய்யாததைச் சிஸ்டர்கள் செய்தார்கள். "உன் மூணு புள்ளைக்கும் நான்தானே ஊசி போட்டேன், ஒண்ணு ஆச்சா?" என்று ஒரு சிஸ்டர் கேட்டால் அந்த வீட்டில் மறுபேச்சு இல்லை. பத்துப் பேர் பெயரையும் முந்தின நாளே எழுதி, பத்தாவது ஆள் வந்து உட்கார்ந்த பிறகுதான் குப்பியைத் திறப்பது என்று வைத்தோம். கை பழகிய சிஸ்டர், ஏ.டி. சிரிஞ்சில் காற்றுக்குமிழ் இல்லாமல் சரியாக அரை மில்லி உறிஞ்சினால், கம்பெனி கூடுதலாக நிரப்பியிருப்பதில் பதினோராவது ஆளுக்கும் வரும். குப்பியைத் தலைகீழாகப் பிடித்து, ஊசி முனையை ரப்பர் மூடிக்கு ஒட்டினாற்போல் இறக்கி, கடைசிச் சொட்டையும் எடுக்கிற அந்தக் கையை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை. 12 சதவீதம் வீணாக்கிய மாநிலம் சில மாதங்களில் வந்த மருந்தைவிட அதிகம் பேருக்குப் போட்ட மாநிலமானது இந்தக் கைகளால்தான்.

2021 செப்டம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. முதல் மெகா முகாம். மாநிலம் முழுக்க 40 ஆயிரம் இடங்கள், 20 லட்சம் பேருக்குப் போட இலக்கு. அன்று மாலைக்குள் 28 லட்சத்தைத் தாண்டியது. இது எப்படி ஒரே நாளில் முடிந்தது என்று வெளியூர் ஆட்கள் ஆச்சரியப்பட்டார்கள். போலியோ சொட்டு மருந்துக்குப் போட்ட திட்டத்தாளை எடுத்து, வயசை மட்டும் மாற்றினோம். எந்தப் பள்ளி, எந்தப் பேருந்து நிறுத்தம், எந்தச் செங்கல் சூளை, விட்டுப்போன வீட்டுக்கு மறுநாள் யார் போவது என்பதெல்லாம் அதில் வருஷக்கணக்காக எழுதித் திருத்தி வைத்திருந்தது. 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் இயற்கையாகப் பரவும் போலியோ இல்லை. ஆனாலும் அந்தத் திட்டத்தாளை நாங்கள் ஒவ்வொரு வருஷமும் புதுப்பித்துக்கொண்டேதான் இருந்தோம். இனி எதற்கு இது என்று கேட்ட அதிகாரிகள் உண்டு.

இப்போது எல்லாம் ஓய்ந்துவிட்டது. தயாரிப்பு என்றால் புதுக் கட்டிடம், புது ஆய்வகம், ஆக்சிஜன் தொட்டி என்று பட்டியல் போடுகிறார்கள். அவையும் வேண்டும், நான் மறுக்கவில்லை. ஆனால் 2020ல் அவசரமாக ஒப்பந்தத்தில் எடுத்த செவிலியர்களில் இரண்டாயிரத்துக்கும் அதிகமானவர்களுக்கு 2022 டிசம்பர் 31க்கு மேல் நீட்டிப்பு இல்லை என்று ஆணை வந்ததை நான் மறக்கவில்லை. நோய் வாசலில் நின்றபோது வேலைக்கு எடுத்து, நகர்ந்ததும் அனுப்புவது தயாரிப்பு ஆகாது. மஸ்தூர்கள் இன்றும் தினக்கூலிக்காரர்கள்தான். சுகாதார ஆய்வாளர் பணியிடம் காலியாக இருக்கிற ஊரில் கடைசிக் குழாயில் யார் ஓ.டி. சொட்டு விடுகிறார்கள்?

படிக்கிற உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் ஊர் துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியர் பணியிடம் நிரம்பியிருக்கிறதா, சுகாதார ஆய்வாளர் யார், போன வாரம் குளோரின் அளவு என்ன என்று விசாரித்துப் பாருங்கள். காலியாக இருந்தால் அடுத்த கிராம சபையில் எழுந்து கேளுங்கள், தீர்மானமாகப் பதியச் சொல்லுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. சாலையையும் தெருவிளக்கையும் கேட்கிற மாதிரி இதையும் கேளுங்கள்.